ரோஜா அத்தர் விற்றவருக்கும் ஒரு ஊர் இருந்தது

கார்த்தி,

நேற்று நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். திரும்ப அழைப்பாய் என்று சமையலறையில் நின்றபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நானே அழைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். போனில் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டுதான் பேசுகிறோம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு, தமிழில் எழுதினால் உனக்கு வாசிக்க நேரமாகும் என்றும் தெரியும். வெள்ளிக்கிழமை காலைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அது. ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து வாசித்தவன் நீ. இதையும் அப்படியே வாசி. அவசரமாக வாசித்தால் அம்மா திட்டுகிறாள் என்று மட்டும்தான் தோன்றும்.

விஷயம் ஒன்றுதான். நீ ஆங்கிலத்தில் எழுதிய அமெரிக்கப் பயணக் குறிப்புகள் புத்தகமாக வரப்போகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைசித் திருத்தங்களைப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஏழாவது அத்தியாயம் அங்கே கோழிக்கடையில் வேலை செய்யும் செய்யது பாயைப் பற்றியது. அது இப்போது இருக்கிற மாதிரியே அச்சானால், அடுத்த மாதம் நடக்க இருக்கும் அவர் மகளின் நிக்காஹ் நின்றுபோகலாம். யார் படிக்கப் போகிறார்கள் என்று நீ கேட்கிறாய். யாராவது ஒருவர் படித்தால் போதும் என்று நான் பயப்படுகிறேன். என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைப் பதினெட்டு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அதற்கு முன் அந்த பல்கேரியப் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதில் என் பங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்கும் ஸ்வெத்லாவை உனக்குத் தெரியும். உன் பட்டமளிப்புக்குக் கேக் செய்து கொடுத்தவள். அவள் நாட்டுக்குப் போய்விட்டு வந்தபோது நூலகத்துக்கு என்று சில புத்தகங்கள் கொண்டுவந்தாள். அதில் ஒன்று, அவர்கள் ஊர் எழுத்தாளர் ஒருவர் நூற்று முப்பது வருடத்துக்கு முன் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்வந்து எழுதிய பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. சிகாகோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியைப் பார்க்கப் போனவர் அவர். நூலகம் என் பொறுப்பு என்பதால் அட்டை போட எடுத்த நான், அட்டை போடாமலே இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். நயாகராவின் முன்னால் அவர் வாயடைத்து நிற்கிறார். சிகாகோவின் கசாப்புக் கூடத்தில் பன்றிகள் வரிசையாக நகர்ந்து வந்து துண்டுகளாகி வெளியேறுவதைப் பார்த்துக் கலங்குகிறார். எல்லோரும் இயந்திரம் மாதிரி ஓடுகிறார்களே, இவர்கள் எப்போது சிரிப்பார்கள் என்று சோர்ந்துபோகிறார். கிண்டல் செய்யும்போது தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். நீ விமானம் ஏறும்போது அந்தப் புத்தகத்தைத்தான் உன் பைக்குள் வைத்தேன். நயாகராவுக்கு நீ அதை எடுத்துப் போய்ப் படம் பிடித்து அனுப்பியபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சம் அல்ல.

அந்தப் புத்தகத்தில் ஒரு சின்ன இடம் வரும். உலகமே கூடியிருக்கும் அந்தக் கண்காட்சியில், அவருடைய நாட்டுக்காரர் ஒருவரும் கடை போட்டிருக்கிறார். கிராமத்து உடையில் உட்கார்ந்து ரோஜா அத்தர் விற்கிறார். வாசிக்கும்போது நானும் சிரித்தேன். பிறகு ஸ்வெத்லா சொன்னாள். அந்த ஆள் நிஜமாகவே இருந்தவர். அவரை வைத்துத்தான் அந்த எழுத்தாளர் பின்னால் ஒரு கதாபாத்திரத்தை உண்டாக்கினாராம். இன்றைக்கும் அவர்கள் நாட்டில் யாராவது பொது இடத்தில் நாகரிகமில்லாமல் நடந்துகொண்டால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்களாம். "சரி, அந்த நிஜ ஆள் ஊருக்குத் திரும்பினாரா? அங்கே அவரை என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன். ஸ்வெத்லா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "நான் கேட்டதே இல்லை. நாற்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை" என்றாள்.

இந்தக் கேள்வியைத்தான் உனக்குப் புத்தகம் கொடுத்தபோது நான் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது என்னுடைய தவறு.

உன் ஏழாவது அத்தியாயத்துக்கு 'முதலாளி' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். பள்ளி ஓய்வறையில் அதை முதல் தடவை வாசித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நன்றாக எழுதுகிறாய், அதில் சந்தேகமில்லை. கடையின் பின்னால் நாள் முழுக்கக் கோழி வெட்டும் ஒருவர், வாரத்தில் ஒரு நாள் சொன்ன நேரத்துக்கு ஏப்ரனைக் கழற்றுகிறார். எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துக் கழுவுகிறார். காதுக்குப் பின்னால் அத்தர் தடவிக்கொள்கிறார். நிஜ முதலாளி சிரித்துக்கொண்டே சிகரெட் பிடிக்க வெளியே போக, இவர் கல்லாவில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போடுகிறார். "வாப்பா கடையில கொஞ்சம் பிஸிம்மா" என்கிறார். பதினைந்து நிமிடம் கழிந்ததும் எழுந்து மறுபடி ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறார். வீடியோவில் மணம் வராதே, அத்தர் எதற்கு என்று நீ கேட்டிருக்கும் இடம் புத்தகத்திலேயே நல்ல இடம். அத்தரைப் படித்தவுடன் எனக்கு சிகாகோக் கடைக்காரர் ஞாபகம் வந்தார். சிரிப்பு நின்றுபோனது.

இரண்டாம் தடவை பென்சிலை வைத்துக்கொண்டு வாசித்தேன். பெயரை மாற்றியிருக்கிறாய். ஊரை மாற்றியிருக்கிறாய். ஆனால் அவர் தலைக்குப் பின்னால் விளக்கு எரியும் கடைப் பலகையில் ஒரு எழுத்து மட்டும் அணைந்து கிடப்பதை அப்படியே விட்டுவிட்டாய். அவர் மகள் ஒவ்வொரு வாரமும் அதைப் பார்க்கிறாள். "வாப்பா, சொந்தக் கடைதானே, அந்த பல்ப மாத்துனா என்ன?" என்று கேலி செய்கிறாள். அந்தக் கேலியையும் எழுதியிருக்கிறாய். அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை கத்தாரில், ராஸ் லஃபானில் இன்ஜினியர். இந்த அத்தியாயம் முதலில் இணையத்தில் வரும் என்கிறாய். கத்தாரில் ரூமில் உட்கார்ந்திருக்கும் ஒரு இளைஞனுக்கு, அமெரிக்காவில் கடை வைத்திருப்பதாகச் சொல்லும் மாமனாரைப் பற்றி யாராவது ஒரு நண்பன் இதை அனுப்பிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நேற்று இதைத்தான் சொல்ல வந்தேன்.

"பேரு மாத்திட்டேன், ஊரு மாத்திட்டேன். இன்னும் என்னம்மா?"

"பல்ப மாத்தலியேடா."

"என்ன பல்ப்?" என்று கேட்டுவிட்டு, புரிந்ததும் சிரித்தாய். "அம்மா ப்ளீஸ். அந்த டீடெயில்தான் அதுல உயிரே. எடிட்டர் அந்த சாப்டரைத்தான் மொதல்ல போடணும்னு சொல்றாங்க."

"அவரு மக கல்யாணம் கார்த்தி."

"அப்ப மாப்பிள்ளை வீட்ட ஏமாத்துறது மட்டும் சரியா? பொய் சொல்றது அவரு. நான் உண்மையத்தான எழுதறேன்?"

உடனே அடுத்ததைச் சொன்னாய். "நீ எழுதறத விட்டுட்ட. அதான் நான் எழுதறது உனக்குப் பிடிக்கல."

பிறகு போனை வைத்துவிட்டாய்.

நான் எழுதுவதை ஏன் விட்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். உனக்கு முருகேசன் மாமாவை ஞாபகம் இருக்கும். இங்கே வளைகுடாவில், ரோலா பக்கம் நாம் இருந்த பழைய பில்டிங்கில் படிக்கட்டும் லிஃப்டும் துடைத்தவர். கம்பெனி கேம்ப் ஊருக்கு வெளியே சஜாவில். வேன் காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் ஏற்றிக்கொள்ளும். ஒருநாள் லிஃப்டில் யாரிடமோ ராமநாதபுரத்துப் பேச்சில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு நான்தான் பேச்சுக் கொடுத்தேன். அதன்பிறகு வெள்ளிக்கிழமை மதியம் நம் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்ன மருமகனே, இன்னைக்கு யாரை அடிச்சீக?" என்று உன்னைக் கேட்பார். நீ அவர் முதுகில் ஏறிக்கொள்வாய்.

அவர் ஊரில் தன்னை ஸ்டோர் கீப்பர் என்று சொல்லி வைத்திருந்தார். இதில் புதிதாக ஒன்றுமில்லை. இங்கே வந்து இறங்கும் நம் ஆட்களில் எத்தனை பேர் வீட்டுக்குத் தங்கள் வேலையின் நிஜப் பெயரைச் சொல்கிறார்கள்? ஹெல்ப்பர் என்று வந்தவன் சூப்பர்வைசர் ஆவது விமான நிலையத்திலிருந்து கேம்புக்குப் போகும் வழியிலேயே நடந்துவிடும். முருகேசன் வீட்டில் மனைவி ஒரு போட்டோ கேட்டாள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கோடு போட்ட நீலச் சட்டை, சுழலும் நாற்காலி, பின்னால் சுவரில் ஒட்டகம் போட்ட கடிகாரம் என்று ஒரு படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படம் அவர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது.

அந்தச் சமயத்தில் நான் ஊரிலிருந்து வரும் ஒரு மாத இதழில் வளைகுடா வாழ்க்கையைப் பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு இரண்டு அறை பிளாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். நீ உன் குறிப்புகளுக்குக் கிடைக்கும் லைக்குகளை எண்ணுகிற மாதிரி நான் வாசகர் கடிதங்களுக்காகக் காத்திருப்பேன். ஒருநாள் லிஃப்டில் முருகேசன் என்னைப் பார்த்து, "அக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று சத்தமாகக் கேட்டார். கூட இருந்த நாலாவது மாடிக்காரப் பெண் அவர் இறங்கிய பிறகு, "உங்கள் ஊர்க்காரரா?" என்றாள். அவள் கேட்ட விதத்தில் தப்பாக ஒன்றுமில்லை. ஆனால் அவள் கண்ணால் ஒரு நொடி அவரைப் பார்த்தேன். வாளி, ஈரத்துணி, உரத்த குரல். "இல்லை, எப்போதாவது பார்ப்பேன், அவ்வளவுதான்" என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எழுதினேன். நகைச்சுவையாக, கொஞ்சம் இரக்கத்தோடு, 'ஸ்டோர் கீப்பர்' போட்டோ எடுத்த கதையை. அவரை என்னிடமிருந்து தள்ளி நிறுத்த எனக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டிருக்கிறது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. பாவப்பட்ட மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

பெயரை மாற்றினேன். மாவட்டத்தை மாற்றினேன். வயதைக்கூட ஐந்து வருடம் கூட்டினேன். கடிகாரத்தை மாற்றவில்லை. ஒட்டகம் நன்றாக இருந்தது. வரியில் அழகாக உட்கார்ந்தது.

இதழ் வெளிவந்து மூன்றாவது வாரம், ஊரில் சலூனில் முடிவெட்ட உட்கார்ந்திருந்த அவர் மச்சான் கையில் அது கிடைத்திருக்கிறது. தன் அக்கா வீட்டுச் சுவரில் மச்சான் தினமும் பார்க்கும் படம். ஒரு காதுகுத்து விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு நடுவே அவர் அதை வாசித்துக் காட்டினாராம். அடுத்த வெள்ளிக்கிழமை முருகேசன் நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நீ ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாய். "அக்கா, நீங்க எழுதுனதுல பொய்யே இல்லக்கா. அதுனாலதான் என்னால சண்டை கூடப் போட முடியல" என்றார். உன் கையை மெல்லப் பிரித்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு வேறு பில்டிங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு வந்த இரண்டு லீவிலும் ஊருக்குப் போகவில்லை. நாலு வருடம். நடுவில் அவர் அப்பா இறந்தார், அதற்கும் போகவில்லை. இவ்வளவும் உன் அப்பா கேம்ப் ஆட்கள் மூலம் கேள்விப்பட்டு, ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னது. மாமா ஏன் வருவதில்லை என்று நீ மாதக்கணக்கில் கேட்டாய். ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். போக முடியாத இடத்தின் பெயரைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

தொடரை நிறுத்திவிட்டேன். அதை ஒரு தண்டனை மாதிரி எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதிலும் ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. எழுதாமல் இருந்தால் அவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

உன் கையெழுத்துப் பிரதியை வாசித்த பிறகு சனிக்கிழமை உன் அப்பாவிடம் இதையெல்லாம் புலம்பினேன். அவர் வேலை பார்க்கும் ருவைஸிலிருந்து வார விடுமுறைக்கு வந்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "முருகேசன் ருவைஸ்லதான் இருக்கான்" என்றார்.

"எப்ப இருந்து?"

"ஆறு வருஷமா. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில. மாசம் ஒருக்கா ரெண்டு பேரும் டீ குடிப்போம்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"அவன் சொல்ல வேணாம்னான். நீ கேட்கவும் இல்ல."

இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவ்வளவு பெரிய ஒன்றை ஒரு மனிதர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் சொல்ல முடிகிறது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பும்போது நானும் காரில் ஏறிக்கொண்டேன். பழைய இதழ் என்னிடம் இருந்தது. அதை எறிய எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. நாலு மணி நேரம் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன பேசுவது என்று ஒவ்வொரு வாக்கியமாகத் தயார் செய்தேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள்கூட எனக்குக் கட்டுரை மாதிரிதான் வந்தன.

கேம்புக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி நடத்தும் கஃபெட்டீரியாவில் அவர் காத்திருந்தார். தலை நரைத்துவிட்டது. கண்ணாடி போட்டிருக்கிறார். "வாங்கக்கா, இளைச்சுட்டீக" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்ப நெசமாவே ஸ்டோர்லதான் டூட்டி. நீங்க எழுதுன நேரம் பலிச்சுப்போச்சு" என்றார். உன் அப்பா சத்தமாகச் சிரித்தார். என்னால் முடியவில்லை. தயார் செய்து வைத்ததில் ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை. இதழை எடுத்து மேசையில் வைத்து, "உங்ககிட்ட காட்டாம எழுதிட்டேன் முருகேசன். இப்ப வாசிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். "மச்சான் வாசிச்சதத்தான் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க வாசிங்க, எப்புடித்தான் இருக்குன்னு பாப்போம்" என்றார்.

மூன்றரைப் பக்கம். அச்சில் மின்னிய ஒவ்வொரு வரியும் அவர் முகத்துக்கு முன்னால் வாயிலிருந்து வரும்போது எப்படி இருந்தது என்று உனக்கு என்னால் விளக்க முடியாது. அவர் சட்டைக் காலரைப் பற்றி ஒரு கிண்டல் எழுதியிருந்தேன்; அதைத் தாண்டிப் போய்விடலாமா என்று நாக்கு தயங்கியது. தாண்டவில்லை. அவர் டீயைக் குடிக்காமல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் சிரித்தார், நான் எதிர்பார்த்த இடங்களில் அல்ல. முடித்ததும் ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு கேட்டார்.

"எல்லாம் சரிதான்க்கா. அந்த போட்டோவ எடுத்தது நீங்கதான? அத மட்டும் ஏன் எழுதல?"

கார்த்தி, அந்த நாற்காலி உன் அப்பாவின் கணினி மேசை நாற்காலி. நீலச் சட்டை உன் அப்பாவுடையது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கடிகாரம் நம் ஹாலில் மாட்டியிருந்தது, உனக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்த அதே கடிகாரம். "கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க முருகேசன், ஸ்டோர் கீப்பர்னா கெத்தா இருக்க வேணாமா" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே நான்தான் படம் பிடித்தேன். கட்டுரையில் 'ஒரு ஆபீஸில்' என்று எழுதிவிட்டேன். அவர் சொன்ன பொய்யில் பாதி என் வீட்டில் தயாரானது. அதைச் சொல்லாமல் விட்ட என் கட்டுரையைத்தான் எல்லோரும் உண்மை என்று படித்தார்கள், நானும்கூட. அவர் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்ன பதில் சொன்னேன் என்கிறாயா? "வெட்கமா இருந்துச்சு" என்றேன். "எனக்குந்தான்க்கா" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "எழுதுறதா இருந்தா அதையும் சேத்து எழுதுங்க. அதே புஸ்தகத்துல" என்றார். அந்த இதழ் இன்னும் வருகிறது. எனவேதான் இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் அனுப்புவதாக இருக்கிறேன். அதற்கு முன், முருகேசன் வரும் பக்கங்களை அவரிடம் வாசித்துக் காட்டுவேன். செய்யது பாய் வரும் பக்கங்களுக்கு அவர் சம்மதம் வேண்டும். நிக்காஹும் முடிய வேண்டும். அச்சுக்குப் போகும்போது அவர் பெயரும் பலகையும் மாப்பிள்ளையின் வேலையிடமும் வேறாக இருக்கும்.

ருவைஸிலிருந்து திங்கட்கிழமை பஸ்ஸில் தனியாகத் திரும்பும்போது உன் அத்தியாயத்தை மூன்றாம் தடவை போனில் வாசித்தேன். இந்த முறை உன்னைத் தேடினேன். நீ எங்கேயும் இல்லை. செய்யது பாய் ரோலாவில் நம் பில்டிங்குக்குக் கீழே அத்தர்க் கடையில் பத்து வருடம் நின்ற மனிதர் என்பதால்தான், உன் விமானம் இறங்கும் நாளில் அவரை அழைத்தேன். ஹாஸ்டல் கிடைக்கும்வரை பதினைந்து நாள் அவர் அறையில் இருந்தாய். அவர் கட்டிலில் நீ படுத்தாய். அவரோ கடையின் ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்தார். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. அவரும் குறையாகச் சொல்லவில்லை, "தம்பி நல்லா தூங்குறாப்லம்மா, நீங்க கவலப்படாதிய. எனக்கு ஸ்டோர்ல படுத்துத்தான் பழக்கம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லும்போது வாய்தவறி வந்தது. அந்தப் பதினைந்து நாளில்தான் நீ அவர் வீடியோ கால்களைப் பார்த்திருக்கிறாய். புத்தகத்தில் ஏதோ சாமான் வாங்கப்போன இடத்தில் பார்த்த மாதிரி இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டை ஏமாற்றுவது சரியா என்று கேட்டாய். சரியில்லை. அந்தப் பையனிடம் யாராவது சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சொல்ல வேண்டியவர் செய்யது பாய். தன் வாயால் சொல்லி, அதற்கு வருவதைத் தானே வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும். அதை நீ அவரிடம் நேரில் கேட்கலாம். "பாய், மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க" என்று சண்டைகூடப் போடலாம். அவர் கட்டிலில் படுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. அவருக்குத் தெரியாமல், அவர் படிக்க முடியாத மொழியில், உலகத்துக்கு எல்லாம் சொல்லிவிட்டு அதை உண்மை என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

அத்தியாயத்தைத் தூக்கிப் போடு என்று நான் கேட்கவில்லை. அது நல்ல அத்தியாயம். கடைக்குப் போ. சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். நீ எழுதியதைத் தமிழாக்கி அவருக்கு வாசித்துக் காட்டு. எலுமிச்சை, அத்தர், பல்ப் எல்லாம். உன் தமிழ் தட்டுத்தடுமாறும். தடுமாறட்டும், அவர் திருத்துவார். வேண்டாம் என்றால் எடுத்துவிடு. இருக்கட்டும் என்றால், அவர் மாற்றச் சொல்வதை மாற்றிவிட்டு, அந்தக் கட்டிலில் படுத்தவனையும் உள்ளே எழுது.

போக மாட்டேன், இப்படியேதான் அனுப்புவேன் என்றால் உன்னைத் தடுக்க என்னால் முடியாது. உனக்கு இருபத்து நாலு வயது. புத்தகம் உன்னுடையது. ஆனால் முதல் பக்கத்தில் 'பார்க்கக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு' என்று போட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன். அப்படியேதான் அனுப்புகிறாய் என்றால் அந்த வரியை எடுத்துவிடு. கோபத்தில் சொல்லவில்லை. என்னிடம் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டாய் என்பது நிஜமாக இருக்கலாம். அதற்கு நன்றி மட்டும் எனக்கு வேண்டாம்.

இங்கே புதன்கிழமை மாலை ஆகிவிட்டது. அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். ஷட்டரைத் தூக்கிவிட்டு அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருப்பார்.

அம்மா